கிடா சிலுப்பாத கொடை

நல்லது செய்த குழந்தையை எந்தக் குடும்பமும் மன்னித்ததில்லை. நான் பட்டுத் தெரிந்துகொண்டு சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் பம்பாயில் இருந்தோம். முழுப்பரீட்சை முடிந்ததும் அப்பா என்னைச் சங்கரன்கோவிலில் தாத்தா வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவார். எனக்குப் பத்து வயது. (எனக்கு எல்லாம் தெரியும் என்பது என் எண்ணம், ஒன்றும் தெரியாது என்பது ஊரின் எண்ணம்.) அந்த வருடம் தோட்டத்துக் கிணற்றடியில் ஒரு கறுப்புக் கிடா கட்டியிருந்தது.

"அது அம்மனுக்கு உள்ளது, மக்கா. உனக்காவ நேர்ந்தது" என்றார் தாத்தா.

கைக்குழந்தையில் எனக்கு டைபாய்டு வந்து பிழைத்தபோது வேண்டிக்கொண்டாராம். கோயில் யானை மாதிரி இது கோயில் ஆடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பம்பாயில் எந்த டீச்சரும் இதைச் சொல்லித்தரவில்லை.

சித்திரை வெயிலில் அது மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை. தினமும் மத்தியானம் தாத்தா கண்ணயர்ந்ததும் அதன் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். முதலில் உடம்பைச் சிலுப்பி என்னை நனைத்தது. போகப்போகப் பழகிவிட்டது. வாளிச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்று கண்ணை மூடிக்கொள்ளும்.

கோயில் கொடைத் திருவிழா வந்தது. புளியங்குடியிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் கறிச்சோற்றுக்கு வந்து இறங்கினார்கள். பூசாரி கிடாவுக்கு மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். அது உடம்பைச் சிலுப்பினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு வெட்டு. இந்த விவரத்தை என் சித்தி அப்போதுதான் என் காதில் சொன்னாள்.

கிடா சிலுப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது. இன்னொரு குடம் ஊற்றினார்கள். வாகாகக் கழுத்தை நீட்டிக் கொடுத்தது. மேளம் நின்றது.

"வீட்டுல ஏதோ குத்தம் இருக்கு, அண்ணாச்சி" என்றார் பூசாரி.

உடனே குற்றம் தேட ஆரம்பித்தார்கள். காப்புக் கட்டிய பிறகு பெரியப்பா புரோட்டாக் கடைக்குப் போனதைச் சித்தப்பா போட்டு உடைத்தார். "சால்னாவத் தொடல, வெறும் புரோட்டாதான் தின்னேன்" என்றார் பெரியப்பா. பதிலுக்கு, சித்தப்பா வரப்பைத் தள்ளி வெட்டியது வெளியே வந்தது. தாத்தா இதையெல்லாம் கேட்கவே இல்லை. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அம்மன் முன்னால் விழுந்தார்.

"பிள்ள உசுரத் தந்த. நான் என்ன குறை வச்சேன், தாயி?"

தாத்தா அழுது நான் பார்த்ததில்லை. தாங்க முடியவில்லை.

"சாமிக்குக் கோபம் இல்ல தாத்தா. நான்தான் தினமும் அதைக் குளிப்பாட்டினேன். அதுக்குத் தண்ணி பழகிப்போச்சு" என்றேன்.

பூசாரி குடத்தைக் கீழே வைத்தார். "ஏட்டி, சோப்பும் போட்டியா?" என்றார் பெரியப்பா. போட்டிருந்தேன். (அது ஆச்சியின் வாசனை சோப்பு. அதற்குத் தனியாக ஏச்சு விழுந்தது.)

தாத்தாவின் அழுகையை நிறுத்தியது நான். அண்ணன் தம்பி கைகலப்பைத் தடுத்தது நான். ஒரு ஆள் நன்றி சொல்லவில்லை. உத்தரவு இல்லாமல் வெட்டக் கூடாது என்று தாத்தா உறுதியாக நின்றுவிட்டார். சொந்தக்காரர்கள் சாம்பார் சோறு தின்றுவிட்டு, என்னை முறைத்துக்கொண்டே பஸ் ஏறினார்கள். கிடா கிழடு தட்டித் தானாகச் செத்தது.

நேர்ச்சை மட்டும் அப்படியே நிற்கிறது. அதனால் எனக்கு வரும் எந்தக் கோளாறுக்கும் எங்கள் வீட்டில் வேறு காரணம் தேடுவதில்லை. கணக்கில் பெயிலானது கிடாவால். கண்ணாடி போட்டது கிடாவால். பெண் பார்க்க வந்தவர்களிடம்கூடப் பெரியப்பா இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார். அவர்கள் திரும்பி வராததும் கிடாவால்தான்.

சமீபத்தில் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் நடந்தது. பார்க்க வந்த சித்தி, டாக்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்லும் இல்ல, மண்ணும் இல்ல டாக்டரய்யா. இவ அம்மனுக்கு ஒரு கிடா பாக்கி வச்சிருக்கா."

மெத்தப் படித்தவர், என் வயிற்றைத் திறந்து கல்லைக் கையால் எடுத்தவர், இதற்கு ஒரு சிரிப்பாவது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மாறிவிட்டது. என் பக்கம் குனிந்து கேட்டார்.

"எத்தனை வருசமாம்மா குடுக்காம இருக்கீங்க?"