பாதுகாப்பாக ஓட்டுபவருக்கே பூட்டு

வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்க்காமல் படியிறங்கியவர் உங்களில் யாராவது உண்டா? இருந்தால் இந்தக் கதையின் நாயகி உங்களைப் பார்த்து ஒரு நிமிஷம் பரிதாபப்பட்டுக்கொள்ளட்டும். அவள் படியிறங்கிய பிறகு திரும்ப ஏறிப்போய் இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிறவள். தையல் மெஷினுக்கு உறை போடுவாள், உறைக்கு ஒரு முடிச்சும் போடுவாள். பிஸ்கட் டப்பாவை இறுக்கி மூடி, மூடிமேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைப்பாள். புருஷன் அவளுக்கு வைத்த பெயர் ரெட்டைப்பூட்டு. தெருவும் அதையே பிடித்துக்கொண்டது.

அப்பேர்ப்பட்ட ரெட்டைப்பூட்டுதான், இருப்பதிலேயே விலை கூடின மின்சார ஸ்கூட்டரைப் பூட்டே இல்லாமல் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

அவளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வண்டி அப்படி இருந்தது. கடை முழுக்கக் குளிர்ந்த காற்று, நடுவில் வட்ட மேடை, மேடைமேல் மயில்கழுத்து நிறத்தில் அது. டை கட்டிய விற்பனையாளர் அதைக் காட்டவில்லை, அறிமுகப்படுத்தி வைத்தார்.

"இது உங்ககூடப் பேசும் மேடம். மழை வருமான்னு சொல்லும். பிறந்தநாளுக்கு வாழ்த்தும். நீங்க வீட்டுல இருந்தபடியே போன் வழியா வண்டிகூடப் பேசலாம்."

"வண்டிகிட்ட நான் என்னத்தைப் பேசறது?"

"அது உங்க தனிப்பட்ட விஷயம் மேடம்."

இந்த மரியாதை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "சாவி எங்கங்க?"

பக்கத்தில் வண்டி பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"சாவியெல்லாம் போன தலைமுறை மேடம். இந்தப் பட்டனை அழுத்தினா வண்டி கிளம்பிடும்."

"யாரு அழுத்தினாலுமா?"

"யாரு அழுத்தினாலும். ஆள் பார்த்துப் பழகற வண்டி இல்ல இது."

"அப்ப பூட்டு?"

"பூட்டு உள்ளயே இருக்கு மேடம். தூங்கிக்கிட்டிருக்கு. நீங்க ஓட்ட ஓட்டப் புள்ளி ஏறும். தொண்ணூறு வந்துட்டா பூட்டு தானா முழிச்சுக்கும். பாதுகாப்பாக ஓட்டுபவருக்கே பாதுகாப்பு. அது கம்பெனியோட கொள்கை."

கொள்கை என்று சொன்ன பிறகு அதற்கு மேல் என்ன கேட்பது? ரெட்டைப்பூட்டு தன் கைப்பையில் குலுங்கிய சாவிக்கொத்தை ஓசைப்படாமல் அடியில் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டு வாசலில் புருஷன் வண்டியைச் சுற்றி வந்து, "பூட்டு எங்கடி?" என்றான்.

"தூங்குது."

அவன் உள்ளே போய் ஒரு இரும்புச் சங்கிலி கொண்டுவந்தான். அவள் விளக்கப் புத்தகத்தை நீட்டினாள். அதில் கண்டிருந்தது: "வெளிச்சங்கிலி கொண்டு பிணைத்தல் வண்டியின் அறிவை அவமதிக்கும் செயலாகக் கருதப்படும். உத்தரவாதம் ரத்தாகும்." அவன் சங்கிலியைக் கீழே வைத்தான். கட்டிக்கொண்டவளின் அறிவை நாள் தவறாமல் அவமதிக்கிறவன், வண்டியின் அறிவுக்கு மரியாதை கொடுத்தான்.

இனி அவள் வண்டி ஓட்டும் அழகைச் சொல்ல வேண்டும். தைத்த பள்ளிச் சீருடைகளை மூட்டையாகக் கட்டிப் பின்னால் வைத்து, மூன்று வயது மகளை முன்னால் நிறுத்தி, பூனை குறுக்கே வந்தால் பிரேக், வராவிட்டால் எங்கே போயிற்று என்று ஒரு பிரேக். புள்ளி முப்பத்தாறைத் தாண்டவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தினதும் திரையில் ஒரு செய்தி வரும்: "தாங்கள் பத்திரமாக வீடு திரும்பியது மகிழ்ச்சி அளிக்கிறது. ஆச்சரியமும் அளிக்கிறது."

வண்டியில் முழித்துக்கொண்டிருந்த பூட்டு ஒன்றே ஒன்றுதான், சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டியின் பூட்டு. அவள் போனுக்கு வரும் நம்பரைப் போட்டால்தான் அது திறக்கும். அதற்குள் சார்ஜர் இருந்தது. மகளின் துணி யானையும் இருந்தது. அந்த யானையின் காதைப் பிடித்துக்கொள்ளாமல் அந்தப் பிள்ளை தூங்கினதே கிடையாது. ஆக, வண்டியை யார் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். யானையை எடுக்க முடியாது.

அப்படியேதான் நடந்தது.

ஒரு மத்தியானம் துணிக்கடையில் மூட்டையை இறக்கிவிட்டு வெளியே வந்தாள். வண்டி நின்ற இடத்தில் வெயில் நின்றது. இடுப்பிலிருந்த மகள், "அம்மா, யானை?" என்றாள். அதே நேரம் போன் கிணுகிணுத்தது: "வாழ்த்துகள். இன்று தாங்கள் மிக நிதானமாக ஓட்டுகிறீர்கள்."

கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"என் வண்டியைத் திருடிட்டாங்கம்மா."

"ஒரு நிமிஷம் மேடம், பாக்கறேன். வண்டி நல்லாத்தான் ஓடிக்கிட்டிருக்கு மேடம்."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். ஓட்டறது நான் இல்ல."

"எங்க பதிவுப்படி நீங்கதான் மேடம். முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலை."

"வண்டி எங்க போகுதுன்னு சொல்லும்மா."

"அது ஓட்டறவங்களோட தனியுரிமை மேடம். நீங்க வண்டில ஏறி உக்காந்து 'நான் இங்கே இருக்கிறேன்'னு அழுத்துங்க, உடனே சொல்லிடறோம்."

"நிறுத்தியாவது வைம்மா."

"அதுக்குப் பூட்டு வேணுமே மேடம். இப்ப உங்களுக்கு அறுபத்திரெண்டு. இப்படியே ஓட்டினீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள வந்துடும். விட்டுடாதீங்க மேடம்."

போலீஸ் ஸ்டேஷனுக்குப் புருஷனும் ஓடி வந்து சேர்ந்தான். வாசலில் அதே மயில்கழுத்து நிறத்தில் ஒரு வண்டி நின்றது. அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு காவலர் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே இருந்த போலீஸ்காரர் பேனாவைத் திறந்தார். "திருடன் அடையாளம் ஏதாவது?"

"நிதானமா ஓட்டுவான் சார்" என்றான் புருஷன்.

போலீஸ்காரர் அதையும் எழுதிக்கொண்டார்.

"தேட யாரையாவது அனுப்ப முடியுமாங்க?" என்றாள் அவள்.

"இருந்த ஒரு ஆளும் வாசல்ல காவல்ல இருக்கான்மா."

"எதுக்குக் காவல்?"

"என் வண்டிக்கு." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு முப்பத்தெட்டுதான்."

அதற்குப் பிறகு அங்கே புகார்தாரர், அதிகாரி என்ற பேதம் இல்லாமல் போயிற்று. மூன்று பேரும் அவள் போன்மேல் கவிழ்ந்துகொண்டார்கள். எழுபத்தொன்பது. எண்பத்து மூன்று. எண்பத்தாறு. திடீரென்று எண்பத்து நாலாகிவிட்டது.

"ஐயையோ, என்னாச்சு இவனுக்கு?" என்றாள் ரெட்டைப்பூட்டு.

"சந்தைக்குப் பின்னாடி ஒரு வளைவு இருக்கும்மா. எனக்கும் அங்கதான் போகும்" என்றார் போலீஸ்காரர். திருடன் சந்தைக்குப் பின்னால் இருக்கிறான் என்பது அவருக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை. புள்ளி போன துக்கம்தான் பெரிதாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது, வண்டியோடு பேசலாம் என்று. அழுத்தினாள். காற்றுச் சத்தம் கேட்டது.

"தம்பி."

"யாரு?" என்றது ஒரு குரல்.

"வண்டிக்குச் சொந்தக்காரி."

"அக்கா, நான் வந்து..."

"பயப்படாதீங்க. நல்லா ஓட்டறீங்க. எங்க கத்துக்கிட்டீங்க?"

"தொழில்ல வந்ததுக்கா. எங்காளுங்க வேகமா போனா போலீஸ் பிடிச்சுடுமில்ல."

போலீஸ்காரர் பெருமையோடு மீசையைத் தடவிக்கொண்டார். "பாத்தீங்களா, சட்டத்துமேல பயம் இருக்கு."

மகள் போனில் வாயை வைத்தாள். "மாமா, என் யானை."

"யானையா?"

"சீட்டுக்குள்ள இருக்கு தம்பி. சார்ஜரும் அங்கதான்."

"அதான் நானும் எல்லா பட்டனையும் அமுக்கிப் பாத்துட்டேன்க்கா, திறக்கவே மாட்டேங்குது. சார்ஜ் வேற இறங்கிக்கிட்டே வருது."

எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது. தொண்ணூறு. போனுக்குள் பூ மழை பெய்தது. "தங்கள் பூட்டு விழித்துவிட்டது." புருஷன் பாய்ந்து பூட்டை அழுத்தப் போனான். அவன் கையில் ஒன்று போட்டாள். பூவுக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: "ஓடும் வண்டியைப் பூட்டினால் திடீர் நிறுத்தமாகக் கருதிப் பத்துப் புள்ளி குறைக்கப்படும். புள்ளி குறைந்தால் பூட்டு தூங்கிவிடும்."

அவள் குரலில் தேன் தடவிக்கொண்டாள். "தம்பி, சீட்டைத் திறக்க நம்பர் சொல்றேன். ஓரமா, மெதுவா நிறுத்துங்க. ரொம்ப மெதுவா. பள்ளம் கிள்ளம் பாத்து."

காற்றுச் சத்தம் தேய்ந்து அடங்கியது. தொண்ணூற்றொன்று. அவள் பூட்டை அழுத்தினாள். "டொக்" என்றது. பழக்கதோஷத்தில் விரல் இரண்டாம் தரம் அழுத்தப் போயிற்று. இரண்டாம் தரம் அழுத்தினால் திறந்துகொள்ளும். புருஷன் அந்த விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, வண்டி நகர மாட்டேங்குதே."

"மன்னிச்சுக்கோங்க தம்பி. முழிச்சுக்கிச்சு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "சரிக்கா. தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி நிக்குது, வந்து எடுத்துக்கோங்க. பாப்பாகிட்ட யானை பத்திரமா இருக்குன்னு சொல்லிடுங்க."

மகள் கையைத் தட்டினாள். ரெட்டைப்பூட்டு எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். தண்ணீர்த்தொட்டியிலிருந்து வீட்டுக்கு வண்டியை யாராவது ஓட்ட வேண்டுமே. தொண்ணூற்றொன்று எத்தனை பூனையைத் தாங்கும்? அவள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் சுவரைப் பார்த்தான். அவனுடைய புள்ளியைப் பற்றி இதுவரை நாம் பேசாதது அவன்மேல் உள்ள மரியாதையால்தான்.

போலீஸ்காரர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். "போனைக் குடும்மா."

அவள் கொடுத்தாள். அறை விறைத்துப்போயிற்று. எத்தனையானாலும் சட்டம் சட்டம்தானே.

"தம்பி, போலீஸ் பேசறேன். ஓடாதீங்க, இருங்க. இந்த அக்கா இப்ப பூட்டைத் திறந்துவிடுவாங்க. அவங்க வண்டியை அவங்க வீட்டு வாசல்ல நிதானமா கொண்டுபோய் நிறுத்திடுங்க." அவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, போனை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். "அப்படியே ஸ்டேஷன் பக்கம் வாங்க. என் வண்டி வெளியதான் நிக்குது. காவலுக்கு இருக்கிற ஆளை டீ குடிக்க அனுப்பிடறேன். ஒரு வாரம் எடுத்துக்கிட்டுப் போய் ஓட்டிக் குடுங்க தம்பி."