பதினெட்டாவது குழியில் கிடைத்த ஓடு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "உனக்கு எதுக்குத்தான்டி பயமில்ல?" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய்.

இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து நீ பள்ளிக்கூடத்துக்கு ஆற்றுப்பாலம் வழியாகப் போகக் கூடாது. ரயில்வே கேட்டைச் சுற்றிப் போ. ஒன்றரை மணி நேரம் ஆனால் ஆகட்டும். நெடுஞ்சாலைக்காரர்கள் அந்தக் கிழட்டுப் பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு முன், மண்ணுக்கடியில் பழம்பொருள் இருக்கிறதா என்று தோண்டிப் பார்ப்பது என் வேலை அல்லவா, பத்து நாளாகப் பாலத்தடியில்தான் இருக்கிறேன், மேலே லாரி போனால் கீழே என் டீயில் சிமெண்ட் உதிர்கிறது. பொறியாளர் தம்பியிடம் "இது தாங்குமா?" என்று கேட்டேன். "இன்னிக்கு வரைக்கும் தாங்கியிருக்கே மேடம்" என்றார். அவர் தலைக்கவசத்தோடுதான் டீ குடிக்கிறார். அன்றிலிருந்து நான் சாப்பிடும்போதுகூடக் கழற்றுவதில்லை.

வேலையாட்கள் புதியவர்கள். எதைத் தேட வேண்டும் என்று காட்ட, அலுவலக அலமாரியிலிருந்து நாலு பானை ஓடுகளைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். பதினேழு குழியில் ஒன்றுமில்லை. நிம்மதியாக இருந்தேன். இன்று மத்தியானம் பதினெட்டாவது குழியில் சல்லடை போடும் அம்மா, "மேடம், நீங்க காட்டின மாதிரியே ஒண்ணு கெடைச்சிருக்கு!" என்று கூவினார். ஓடு கிடைத்தால் வேலையை நிறுத்த வேண்டும், முழுதாகத் தோண்டிப் பார்க்க ஒரு வருடம், அந்த வருடம் முழுவதும் நீ தினமும் இரண்டு தடவை அந்தப் பாலத்தின் மேல். மண்ணோடு தள்ளி மூடிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன், இருபது வருட வேலையில் முதல் தடவையாக. மனசு கேட்கவில்லை. மண் ஒட்டியபடியே தனி உறையில் போட்டு, மேலதிகாரிக்குச் சொன்னேன். "பலே! நாளைக்குப் பத்து மணிக்கு வேலைய நிறுத்தச் சொல்லி லெட்டர் போயிடும்மா" என்று குதிக்கிறார். அவருக்கென்ன, அவருக்கு அக்கா இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். நீங்கள் எல்லோரும் நூறு வயது, முடிந்தவரை தரையிலேயே, வாழ வேண்டும்.

உன் தங்கை

பி.கு.: இதை மறுநாள் காலையில் எழுதுகிறேன். இப்போதுதான் ஓட்டைக் கழுவினேன். உட்புறத்தில் கறுப்பு மையில் அலுவலக எண், என் கையெழுத்தில். பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். கொண்டுபோன நாலில் மூன்றுதான் இருக்கின்றன. குழிக்குள் குனிந்து காட்டியபோது நானே ஒன்றைத் தவறவிட்டிருக்கிறேன். பத்து மணிக்குள் சொல்லிவிட்டால் வேலை நிற்காது, அடுத்த மாதமே பாலத்தை இடித்துவிடுவார்கள். மேலதிகாரி போனை எடுக்கவில்லை. அவர் அலுவலகமோ அக்கரையில். சுற்றிப் போனால் பத்தரை ஆகிவிடும். அதனால் ஒன்பது மணிப் பேருந்தில், பாலத்தின் மேலேயே போகிறேன், தலைக்கவசத்தோடு. கடிதத்தை அக்கரைத் தபால் பெட்டியில் போடுவேன். இது உன் கைக்கு வந்தால், பாலம் தாங்கியது என்று தெரிந்துகொள்.