மாட்டுத்தொட்டியில் ஏறிக் கடலுக்குப் போன கிராணி

எனக்கு நீந்தத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டதால் வந்த வினைதான் மற்றதெல்லாம்.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில் லிங்கி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதும், பிந்தி வந்தவர்களுக்கு அரைநாள் சம்பளம் என்று அரைப்பேர் போடுவதும், மரம் வெட்டி, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்து, வருகிறவர்களின் பாலை நிறுத்து எழுதுவதும் என் வேலை. வயது இருபத்தேழு. கையில் பேனா இருந்தால் உலகமே நமக்குப் பயப்படுகிறது என்று நம்புகிற வயது. (நாற்பது பேர் பயந்தது உண்மைதான். அதை உலகம் என்று எடுத்துக்கொண்டது என் கோளாறு.)

அம்பாங்கானில் மளிகைக் கடை வைத்திருந்த வைத்திலிங்கத்தின் மகள் மல்லிகாவை எனக்குப் பேசினார்கள். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. ஒருநாள் பெரட்டில் 'மல்லிகா!' என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். அந்தப் பேரில் எங்கள் தோட்டத்தில் யாருமே இல்லை.

வைத்திலிங்கம் தரகரிடம் சொல்லியனுப்பினார்: "ஞாயித்துக்கிழம குடும்பத்தோட போர்ட்டிக்சனுக்குக் கடல்ல குளிக்கப் போறோம். பையன அங்க வரச் சொல்லுங்க, பாத்துக்கலாம். அடுத்த வாரம் மார்கழி பொறந்துரும். நீலாய்ல இன்னொரு எடமும் இருக்கு."

அந்த நீலாய்க்காரனை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அவன் என்னைவிட உயரம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஏதாவது செய்து காட்டியாக வேண்டும். பதில் அனுப்பினேன்: "சோறும் குழம்பும் மட்டும் கொண்டுவாருங்கள். குழம்புக்கு மீன் என் பொறுப்பு. நானே கடலில் போய்ப் பிடித்துத் தருவேன்."

இந்தத் தைரியத்துக்குக் காரணம், ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்கார மேனேஜர் பங்களாவில் விட்டுப்போன ஒரு பத்திரிகை. அதில் ஒரு படம். குளிர்காலக் கடற்கரை, பாறையெல்லாம் பனி. கம்பளிச் சட்டையும் முழங்கால் வரை பூட்ஸும் போட்ட ஒருவன், ஒல்லியான படகு ஒன்றில் உட்கார்ந்துகொண்டு தன் கை நீளத்துக்கு ஒரு மீனைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறான். அந்த மாதிரிப் படகு, கயாக் என்பார்கள், அதையும் அந்தத் துரை விட்டுத்தான் போயிருந்தார். ஒரே சிக்கல், அதை மாடு வளர்க்கும் அஞ்சலை தண்ணீர்த் தொட்டியாக வைத்திருந்தாள். கழுவிவிட வசதியாக அடியில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டையும் போட்டுத் துணியைச் சுருட்டி அடைத்திருந்தாள்.

நான் அதிகாரத்தோடு படகைக் கேட்டேன். கொடுத்தாள். ஓட்டையை அடைக்க ஒரு டம்ளர் ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி, உறைந்ததை உருட்டித் திணித்தேன். கெட்டியாக உட்கார்ந்துகொண்டது. ரப்பர் தோட்டத்துக்காரனுக்கு ஓட்டை அடைக்கச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

அஞ்சலை எட்டிப் பார்த்தாள். "ஐயா, இது பச்சப் பாலுங்க. தண்ணி கக்கிச் சுருங்கிப் போவும். காஞ்ச ரப்பர் சீட்டுல வெட்டி அடைங்க."

"நீ எனக்கு ரப்பரப் பத்திச் சொல்றியா?"

"நான் எங்கங்க சொல்றேன். பதினெட்டு வருசமா மரந்தான் வெட்டுறேன்."

அவள் வெட்டிய பாலைத் தினமும் நிறுத்து எழுதுகிறவன் நான், எழுதியவனுக்குத் தெரியாதது வெட்டியவளுக்குத் தெரிந்துவிடுமா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லாரியில் படகு போர்ட்டிக்சன் போய்ச் சேர்ந்தது. இறக்கிவைக்க ஆள் வேண்டுமென்று அஞ்சலையும் அவள் புருசனும் கூட வந்தார்கள். டிசம்பர் மழை தூறிக்கொண்டிருந்தது. நமக்கு அதுதானே குளிர்காலம். ஆகவே நான் கேமரன் மலைக்குப் போய்வந்த நண்பனிடம் கம்பளிச் சட்டையும், தோட்டத்து ஸ்டோரில் புல்லுக்கு மருந்தடிக்கிறவர்கள் போடும் பூட்ஸும் வாங்கி மாட்டியிருந்தேன். துடுப்பு தொலைந்துபோயிருந்ததால், பால் கலக்குகிற பலகை ஒன்று.

மரத்தடியில் பாய் விரித்து வைத்திலிங்கம் குடும்பம் உட்கார்ந்திருந்தது. மல்லிகா நீல நிறப் புடவை. என்னை ஏற இறங்கப் பார்த்து, தாயின் காதில் ஏதோ கேட்டாள். (பிற்பாடு தெரிந்துகொண்டேன்: "அவருக்கு ஒடம்பு சரியில்லையாம்மா?")

"தம்பிக்கு நீச்சல் தெரியுந்தானே?" என்றார் வைத்திலிங்கம்.

சிரித்தேன். பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. சிரிக்க மட்டும்தான் செய்தேன்.

முதல் பத்து நிமிடம் ராஜா மாதிரிப் போனேன். கரையில் கையசைத்தார்கள், நானும் அசைத்தேன். தூண்டிலைப் போட்டுவிட்டு அந்தப் படத்து வெள்ளைக்காரன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போது இடுப்புக்குக் கீழே சில்லென்றது. குனிந்து பார்த்தால், நான் உருட்டித் திணித்த ரப்பர் இளைத்துப்போய் என் பூட்ஸுக்கு முன்னால் மிதந்து வந்தது. ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரல் அங்கே, பலகை இங்கே, காற்று என்னைத் தள்ளிக்கொண்டு போனது மலாக்கா பக்கம். கம்பளிச் சட்டை கடலில் பாதியைக் குடித்துவிட்டது. பயத்தில் என் அம்மாவைக் கூப்பிட்டேன், குலதெய்வத்தைக் கூப்பிட்டேன், கடைசியில் அஞ்சலையைக் கூப்பிட்டேன்.

நல்லவேளையாக மோட்டார் படகில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் வந்தார். தொட்டி நிறைய தண்ணீரில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "அப்பா புவாட்?" என்றார். என்ன செய்கிறாய் என்று அர்த்தம்.

தூண்டில் போடுகிறேன் என்ற கௌரவத்தோடு, "மஞ்சிங்" என்றேன்.

அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இனி மாண்டி லா," என்றார். இது குளியல்தான் என்று.

என்னைத் தூக்கிப்போட்டு, படகைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு கரையில் கொண்டுவந்து விட்டார். உயிர் பிழைத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் பெட்டியில் மீன் கிடந்தது. கெஞ்சினேன். பாவம் பார்த்து ஒரு பெரிய மீனைக் கொடுத்தார். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நனைந்த கம்பளி முழங்கால்வரை தொங்க, மரத்தடியை நோக்கி நடந்தேன்.

"புடிச்சிட்டேன் மாமா!"

வைத்திலிங்கம் மீனை வாங்கினார். செவுளைத் திறந்து பார்த்தார். மீனின் வாயிலிருந்து சின்னதாக ஒரு ஐஸ்கட்டி நழுவிப் பாய்மேல் விழுந்தது.

"கடலுக்குள்ளயே ஐஸ் போட்டு வச்சிருந்தாங்களா தம்பி?"

மல்லிகா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அந்த நிமிடம் கடலுக்கே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. பின்னால் அஞ்சலை, எல்லாருக்கும் கேட்கும்படி, "ரப்பரு காயலன்னு சொன்னேனுங்க, ஐயாதான் கேக்கல," என்றாள்.

அந்த மீனைப் போட்டுக் குழம்பு கொதித்தது. நான் துண்டைப் போர்த்திக்கொண்டு நீலாய்க்காரனின் கல்யாணத்துக்கு என்ன மொய் வைப்பது என்று யோசித்தேன். வைத்திலிங்கம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, மனைவியிடம் சொல்வதுபோல எனக்குக் கேட்கச் சொன்னார்:

"வீம்பு, பயம், பொய், சொன்னா கேக்காத புத்தி. மத்த மாப்பிள்ளைங்ககிட்ட இதெல்லாம் வெளிய வர பத்து வருசம் ஆவும். இவரு ஒரே காலையில காட்டி முடிச்சிட்டாரு. இனிமே புதுசா வர ஒண்ணுமில்ல. குடுத்துரலாம்."

நான் ஆனந்தத்தில் அழுதேன். மழை நீர் என்று சொல்லிச் சமாளித்தேன். (அவரும் நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.)

மறுநாள் காய்ச்சலோடு பெரட்டுக்குப் பிந்திப் போனேன். நாற்பது பேரும் வரிசையில் காத்திருந்தார்கள். அஞ்சலை முன்னால் வந்து, "ஐயாவுக்கு இன்னிக்கு அரைப்பேருங்களா?" என்றாள். அன்றைக்கு அந்த வரிசை சிரித்த சிரிப்பில் என் பேனாவுக்கு இருந்த மரியாதை போனதுதான், பிறகு வரவேயில்லை. அதன்பின் பத்து நிமிடம் பிந்தி வந்தவர்களுக்கு அரைப்பேர் போட எனக்குக் கை வரவில்லை.

தையில் கல்யாணம். மாமனார் இப்போது இல்லை. போன மாதம் குளியலறைக் குழாயை நானே சரிசெய்கிறேன் என்று இறங்கி, வீட்டுக் கூடம்வரை தண்ணீர் விட்டேன். மல்லிகா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, சிரம்பானில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டாள். எங்கள் வீட்டில் இந்தப் போனுக்கு விளக்கமே தேவையில்லை. எடுத்தவுடனே மகள் கேட்பாள், "இன்னிக்குப் புதுசா என்னம்மா?"

"எங்கப்பா வாழ்க்கையில ஒரே ஒரு ஆள எடபோடறதுலதான் தப்பு விட்டாரு," என்றாள் மல்லிகா, என்னைப் பார்த்துக்கொண்டே. "புதுசா ஒண்ணும் வராதுன்னாரு. முப்பத்தஞ்சு வருசமாச்சு, இன்னும் வந்துக்கிட்டேதாண்டி இருக்கு."