கண்ணாடிக்காரர் போட்ட பூட்டு

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பூட்டிவிட்டுச் சாவியைத் தேடிய ஒரு கண்ணாடிக்காரர் கதை சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

சன்னல்களுக்குக் கண்ணாடி அறுப்பவர் அவர். விரலில் கட்டில்லாத நாள் குறைவு. மகள் தவழ்ந்தது, நடந்தது, மழலை பேசியது எல்லாம் இணையச் சேமிப்பில் வீடியோவாகக் கிடந்தன. எவன் திருடினாலும் ஒன்றும் புரியாதபடி மொத்தத்தையும் கலைத்துப்போட்டு, கடவுச்சொல்லால் பூட்டியிருந்தது. பாதுகாப்பு என்றால் முழுப் பாதுகாப்பு என்று, வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்ததை அவரே அழித்தும்விட்டார்.

இப்போது கடவுச்சொல் ஞாபகமில்லை.

"கம்பெனிக்குப் போன் பண்ணுங்களேன்," என்றாள் மனைவி.

"பண்ணிட்டேன். அவங்களாலயும் திறக்க முடியாதாம். அதான் பாதுகாப்பாம்."

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த அவருடைய மாமியார் "நல்ல பாதுகாப்பு" என்றாள்.

திரையில் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது: 'மனசுக்கு ரொம்பப் பிடிச்சவங்க பேர்.'

மனைவிக்கு முகமெல்லாம் பல். "இதுக்கா இவ்வளவு யோசனை? என் பேரைப் போடுங்க."

போட்டார். தவறு என்றது. பல் உள்ளே போயிற்று.

"பாப்பா பேரா இருக்கும்," என்று சமாளித்தார். அதுவும் தவறு.

"அப்ப உங்கம்மா பேருதான். எனக்குத் தெரியாதா?"

அதுவும் இல்லை.

"உங்கம்மாவும் இல்லியா? அப்ப யாருங்க அவ?"

இன்னும் இரண்டு தடவைதான், பிறகு எல்லாம் அழிந்துவிடும் என்று திரை மிரட்டியது. அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். மகளின் மழலையா, வீட்டு நிம்மதியா? மழலைதான் என்று துணிந்தார்.

"கோவப்படாதே. கூடப் படிச்சவ ஒருத்தி... ஒருவேளை அவ பேரோ என்னவோ..."

போட்டார். தவறு!

மனைவி அழுதுகொண்டே அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கினாள். "கேட்டியாம்மா? கிளம்பு, போலாம்."

மாமியார் துண்டை உதறினாள். "மாப்பிள்ளையை ஏன்டி வறுக்கிறே? பூட்டுப் போட்ட அன்னிக்கு அவருக்கு ரெண்டு கையிலயும் கட்டு. 'நீயே எதையாவது போட்டுடு'ன்னு படுத்துட்டாரு. கேள்வியும் பதிலும் தட்டினது நீதானே!"

அழுகை நின்றது. மனைவி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு ஏதோ தட்டினாள். உடனே மகளின் மழலை கேட்டது.

"யார் பேரு?" என்றார் கண்ணாடிக்காரர்.

"அதான் திறந்துடுச்சுல்ல!"

உங்கள் வீட்டு மழலையெல்லாம் பத்திரமாக இருக்கட்டும், கண்ணுகளா. பூட்டெல்லாம் கேட்டவுடன் திறக்கட்டும். எப்படித் திறந்தது என்று மட்டும் யாரும் கேட்காதிருக்கட்டும்.