காதை மூடிக்கொண்டு ரேங்க் போட்டவர்

ஒரு பாட்டுகூடக் கேட்காமல் இசையில் கரை கண்ட ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் ஜட்ஜண்ணாதான். ஆந்திர எல்லையில் ஸ்ரீ சிட்டி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் தங்கும் எங்கள் ஹாஸ்டலில், அவருடைய சொந்தப் பெயர் வார்டனுக்கே தெரியாது.

டிசம்பர் கடைசியில் மெஸ் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டுவார்: ‘இந்த வருடம் அதிகம் பாராட்டப்பட்ட ஆல்பங்கள்’. தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் என்று போனில் அகப்படுகிற விமர்சனங்களை எல்லாம் படித்து, மார்க் போட்டு, கூட்டி, வகுத்துத் தயாரிப்பது.

“மொத எடத்துல கீற ஆல்பம் எப்டிண்ணா?” என்றேன் ஒருமுறை.

“எனக்கு இன்னாடா தெரியும்? நான் கேக்கலையே.”

“கேக்காமயா ரேங்க் போட்ட?”

“கேட்டா பாசம் வந்துடும்டா. பாசம் வந்தா நியாயம் பூடும்.”

கம்பெனி பஸ்ஸில் டிரைவர் பாட்டுப் போடுவார். ஜட்ஜண்ணா காதில் பஞ்சு வைத்து, அதற்கு மேல் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு உட்காருவார். மே மாத வெயிலில்! புதிதாக ஏறுகிறவர்கள் டிரைவரைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். கல்யாணங்களில் மேளம் அடங்கும்வரை மண்டபத்துக்கு வெளியே நிற்பார். தாலி கட்டி அவர் பார்த்ததே இல்லை.

போன வருடம் நானும் ஓர் ஆல்பம் போட்டேன். நாலு பாட்டு. எதிரொலிக்காக ஹாஸ்டல் பாத்ரூமில் ரெக்கார்டிங். எங்கள் ஊர் குடிபாலாவிலிருந்து என் நைனா போனில் நிபந்தனை போட்டுவிட்டார்: “உங்க ஜட்ஜு லிஸ்ட்ல பேரு வந்தா பாடு. வரலன்னா பாட்ட வுட்டுட்டு ஒயுங்கா வேலைய பாரு.”

விமர்சனம் இல்லாமல் பட்டியலில் இடமில்லை. ஆகவே விமர்சகர்களைப் பிடித்தேன். மெஸ் சமையல்காரர் “காரம் பத்தல” என்று எழுதினார். பாத்ரூமுக்குக் காத்து நின்ற வாட்ச்மேன் “எப்ப முடியும்?” என்று எழுதினார். சூப்பர்வைசர் “பாகுந்தி” என்று தெலுங்கில் புகழ்ந்துவிட்டு, அதற்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமை டூட்டி போட்டார். மூன்றையும் ஜட்ஜண்ணா முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்.

பட்டியல் ஒட்டிய அன்று மேலிருந்து கீழே படித்தேன், கீழிருந்து மேலே படித்தேன். நான் இல்லை. தட்டு கழுவிக்கொண்டிருந்த ஜட்ஜண்ணாவை மடக்கினேன்.

“இன்னாண்ணா, கடசி எடம்கூடவா எனக்கு இல்ல?”

“எட்டாவது எடம் வந்துச்சுடா. நான்தான் உன் பேர அடிச்சிட்டேன்.”

“ஏன்?”

“பாத்ரூம் பக்கத்துல துணி தொவச்சிக்கினு இருந்தேன். ஹெல்மெட்டு கொடில காஞ்சிக்கினு இருந்துச்சு. நீ பாட ஆரம்பிச்சிட்ட.”

“ஓடியிருக்கலாம்ல?”

“அதான் தப்பாப் பூட்ச்சு. நாலு பாட்டயும் நின்னு கேட்டுட்டேன்.” குரல் இறங்கியது. “இனிமே உனக்கு நான் எப்டிடா ரேங்க் போடுவேன்?”

என் போனைப் பிடுங்கி நைனாவை அழைத்தார். “நைனா, நான் ஜட்ஜு பேசறேன். லிஸ்ட்ட வுடுங்க. பையன் பாடட்டும்.” பிறகு என் இரண்டாவது பாட்டை முணுமுணுத்தபடி தட்டைக் கழுவினார். சுருதி சுத்தமாகக் கோணல்.

அடுத்த ஆல்பம் தயார். அவருடைய ஹெல்மெட்டை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். இந்த வருடமும் அவர் பட்டியலில் என் பெயர் வந்துவிடக் கூடாது.