வல்லூறுகளுக்கு முன்னூறு தொண்டை

முன்னூறு பேர் சேர்ந்து இவ்வளவு அமைதியாக இருக்க முடியுமா? தியான வகுப்பில்கூட யாராவது ஒருவர் இருமுவார். இவர்கள் மூச்சாவது விடுகிறார்களா? நான் கேட்டது என்ன, எனக்கு வந்து சேர்ந்திருப்பது என்ன?

ஸ்ரீரஞ்சனி இப்படி நினைத்துக்கொண்டு நின்றபோது நந்தனம் மைதானத்தில் கால்பந்தாட்டம் தொடங்கி ஏழு நிமிடம் ஆகியிருந்தது. கிழக்கு கேலரியில் மஞ்சள் பனியன் போட்ட முன்னூறு பேரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண மண்டபத்தில் அடுத்த பந்திக்குக் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. இருபது வருடம் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். அந்த வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்தபோது அவள் எதோடும் இணையாமல் வெளியே வந்தாள். இப்போது ‘சென்னை வல்லூறுகள்’ கால்பந்து அணியின் தி.நகர் அலுவலகத்தில் ரசிகர் உற்சாக ஒருங்கிணைப்பாளர். தற்காலிக வேலை, மூன்று மாதம். அந்தப் பதவியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே உற்சாகம் வடிந்துவிடும்.

மூன்று மாதம் இன்றோடு முடிகிறது. வேலை நிரந்தரமாவது மைதானத்து மூலையில் மாட்டியிருந்த சத்தமானியின் கையில் இருந்தது. தொண்டை மிட்டாய் விற்கும் ‘கணீர்’ கம்பெனி அதை மாட்டியிருந்தது. ஆட்டம் முடிவதற்குள் கூட்டத்தின் சத்தம் மூன்று முறை நூறு டெசிபலைத் தாண்டினால் அடுத்த வருடமும் அவர்கள் பணம் போடுவார்கள். தாண்டாவிட்டால் மிட்டாயும் இல்லை, ஸ்ரீரஞ்சனியும் இல்லை.

போன ஆட்டத்துக்கு இலவச டிக்கெட் கொடுத்துக் கல்லூரிப் பிள்ளைகளை அழைத்து வந்தாள். அவர்கள் தொண்ணூறு நிமிடமும் போனைப் பார்த்தார்கள். சத்தமானி அறுபத்தொன்றுக்கு மேல் ஏறவில்லை.

“மேடம், நேத்து மாட வீதியில காய்கறி வாங்கறப்போ சும்மா ஒரு மீட்டர ஆன் பண்ணிப் பாத்தேன்,” என்றான் அதை இயக்கும் அமீன். “அறுபத்தெட்டு காட்டுச்சு.”

முருங்கைக்காய்க்கு இருக்கும் ரசிகர்கள் வல்லூறுகளுக்கு இல்லை. அதன் பிறகுதான் அவளுக்குப் பாஞ்சாலியின் நினைவு வந்தது.

வங்கி நாட்களில் மகளிர் குழுத் தலைவியாக வந்துபோனவள் பாஞ்சாலி. அப்போது அடையாற்றங்கரையில் வீடு. இப்போது பெரும்பாக்கத்துக் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் எட்டாவது மாடி. பொதுக்கூட்டங்களுக்கு ஆள் அழைத்துப் போவது அவள் தொழில். எந்தக் கட்சி என்று கேட்கமாட்டாள். பிரியாணி சூடாக வருமா, பஸ் திரும்பக் கொண்டுவந்து விடுமா, இவ்வளவுதான் கேட்பாள். இந்த முன்னூறு பேரும் அவள் அழைத்து வந்தவர்கள்.

ஸ்ரீரஞ்சனி கேலரிப் படிகளில் ஏறினாள்.

“பாஞ்சாலி, ஏன் யாரும் கத்தலை?”

“மைக்குல இன்னும் பேர் சொல்லலியேக்கா.”

“யார் பேர்?”

“யாரு பேரோ! பேர் சொன்னா எழுந்து வாழ்க போடணும், கை தட்டணும். இல்லாங்காட்டி கம்முனு குந்திக்கினு இருக்கணும். நடுவுல கத்துனா பேசறவருக்குக் கோவம் வந்துரும். எங்காளுங்க அதெல்லாம் கரெக்டா இருப்பாங்க.”

“இங்க யாரும் பேசமாட்டா பாஞ்சாலி. விளையாடுவா.”

“அதான் பாத்துக்கினு கீறோமே.”

அவள் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் மைதானத்தில் ஏதோ நடந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது. “கோவை காளைகள் அணிக்காக முதல் கோல் அடித்தவர்... பதினேழாம் எண்... சகாயம்!”

முன்னூறு பேரும் ஒரே ஆளாக எழுந்தார்கள்.

“அண்ணன் சகாயம்!”

“வாழ்க!”

“ஏழைகளின் தோழர் சகாயம்!”

“வாழ்க! வாழ்க!”

முனியம்மாள் என்ற பெண் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். யாரோ ‘நாளைய தமிழகமே’ என்றுகூட ஆரம்பித்தார்கள். சத்தமானி நூற்று மூன்றைத் தொட்டது.

கோவை ஆட்டக்காரர்கள் திகைத்துப் போனார்கள். வெளியூர் மைதானத்தில் கோல் போட்டால் வசவுதான் விழும். சகாயம் ஒல்லியான பையன், குமரிக் கடற்கரைக்காரன். நண்பர்கள் அவன் முதுகில் ஏறிக் குதிக்க வந்தபோது அவர்களை விலக்கிவிட்டு வேலி வரைக்கும் நடந்து வந்தான். கேலரியை ஒரு முறை கடைசி வரிசை வரை பார்த்தான். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். பிறகு குனிந்து புல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினான்.

ஸ்ரீரஞ்சனியின் கையிலிருந்த வாக்கி டாக்கி அலறியது. அவளுடைய மேலதிகாரி அனிருத். அவனுக்கு இருபத்தொன்பது வயது.

“மேம், அது அவங்க கோல்.”

“தெரியும் அனிருத்.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“இப்ப சொல்லிடறேன்.”

சொல்வதைவிடச் சைகை எளிது என்று அவளுக்குத் தோன்றியது. தண்ணீர் கேன்மேல் கிடந்த பச்சைத் துண்டை எடுத்தாள். “பாஞ்சாலி, மைக்கை மறந்துடுங்க. நான் கீழ நின்னு இந்தத் துண்டைத் தூக்கினா கத்தணும். இறக்கினா நிறுத்தணும்.”

“துண்டுதான? அது எங்களுக்குப் பழக்கம்க்கா.”

கூட்டத்தைப் பார்த்து நின்றால் ஆட்டம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அமீன் தலையசைத்தால் அவள் துண்டைத் தூக்குவது என்று ஏற்பாடு. அரைமணி நேரம் அமீன் தலையசைக்கவே இல்லை. வல்லூறுகள் அப்படி ஆடினார்கள். அவள் வெயிலில் துண்டோடு, வழி தவறி வந்த போக்குவரத்துப் போலீஸ் மாதிரி நின்றாள். போன் அடித்தது. கணவர் சுவாமிநாதன்.

“ரஞ்சனி, டிவில ஒரு மாமி பச்சைத் துண்டை வெச்சுண்டு நின்னுண்டிருக்கா. அசப்புல உன்னை மாதிரியே இருக்கா.”

“நான்தான்.”

“ஓஹோ. மோர்மிளகாய் எந்த டப்பால இருக்கு?”

போனை வைத்தபோது மைதானத்தில் சத்தம் அடங்கியிருந்தது. திரும்பிப் பார்த்தாள். வல்லூறுகளின் கேப்டன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் கிடந்தான். ஸ்ட்ரெச்சர் வந்தது. சுற்றிலும் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பாவமாக இருந்தது. வியர்வை வழிந்து கண் எரிந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“வாழ்க!” என்றது கேலரி.

அவள் பதறிப்போய் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினாள். ஒரு கையில் துண்டு இருந்தது.

“வாழ்க! வாழ்க! வாழ்க!”

கேப்டன் ஸ்ட்ரெச்சரிலிருந்து தலையைத் தூக்கி, தன் கால் உடைந்ததற்குக் கை தட்டுகிற சொந்த ஊர் ரசிகர்களைப் பார்த்தான். அந்தப் பார்வை அவள்மேலும் பட்டது. பூமி பிளக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்ளவில்லை. அவளுடைய ராசிக்கு, பிளந்தாலும் தவறான இடத்தில்தான் பிளக்கும்.

“நூத்தி அஞ்சு மேடம்!” என்று அமீன் இரண்டு விரலைக் காட்டிச் சிரித்தான். “இன்னும் ஒண்ணுதான்!”

இடைவேளையில் பிரியாணி வந்தது. ஸ்ரீரஞ்சனி ஒரு காலி டப்பாவின் மூடியில் பேனாவால் மைதானத்தை வரைந்தாள். மைக்கும் வேண்டாம், துண்டும் வேண்டாம். ஆட்டத்தையே சொல்லிக்கொடுத்துவிடலாம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

“எல்லாரும் பாருங்க. அதோ, நமக்கு வலது கைப் பக்கம் இருக்கற கோல். அதுல பந்து விழுந்தா நம்ம கோல். கத்தணும். இடது பக்கத்துல விழுந்தா பேசாம இருக்கணும். அவ்வளவுதான்.”

“சகாயம் தம்பி எந்தப் பக்கம்?” என்று கேட்டாள் முனியம்மாள்.

“அவர் எதிரணி.”

“பாவம், எலும்பும் தோலுமா கீது. சோறு துன்னுச்சோ இன்னாமோ.”

“அது அவா டீம் பாத்துப்பா.”

பாஞ்சாலி மூடியை வாங்கி நன்றாகப் பார்த்துவிட்டு ஸ்ரீரஞ்சனியின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் போல இருந்தது. பிறகு, “சரிக்கா. நீ சொன்னா சரி,” என்று எலும்பைக் கடிக்கப் போனாள்.

ஸ்ரீரஞ்சனிக்குப் பெருமையாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தைத் தெளிவாக விளக்கி, கேட்டவர்களும் குறுக்கே பேசாமல் தலையாட்டியிருக்கிறார்கள். வீட்டில் மோர்மிளகாய் இருக்கும் டப்பாவைக்கூட அவள் பதினெட்டு வருடமாக விளக்கிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டாம் பாதி தொடங்கி இருபது நிமிடம் அந்தப் பெருமை நீடித்தது.

“அமீன், நம்ம கோல்கீப்பர் ஏன் அந்தப் பக்கம் நிக்கறார்?”

அமீன் அவளை இரக்கத்தோடு பார்த்தான். “ரெண்டாவது பாதியில பக்கம் மாறிடுவாங்க மேடம்.”

“இன்னிக்கு மட்டுமா?”

“எப்பவுமே.”

“எங்கிட்ட யாரும் சொல்லலையே!”

“கால்பந்து ஆரம்பிச்சதுலேர்ந்து அப்படித்தான் மேடம். தனியா வந்து சொல்லமாட்டாங்க.”

மூன்று மாதமாக இந்த விளையாட்டில் சம்பளம் வாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டே அவள் படிகளில் ஓடினாள். புடவைக் கொசுவம் காலில் தடுக்கியது. பாதிப் படிகூட ஏறவில்லை. சகாயம் நடு மைதானத்தில் பந்தை வாங்கினான். ஒருவரைத் தாண்டினான். இரண்டு பேரைத் தாண்டினான். பந்து வலது பக்க வலைக்குள் போய் விழுந்தது.

சத்தம் வந்தது. இதுவரை வந்தது போல் அல்ல. வாழ்க இல்லை, அடைமொழி இல்லை, யாரும் ஆரம்பித்துக் கொடுக்கவும் இல்லை. சிமென்ட் படி அதிர்ந்தது. அந்த அதிர்வு அவள் செருப்பு வழியாக ஏறி முழங்காலைக் கடந்து நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து நின்றது. மூன்று மாதமாக அவள் எண்களாக எழுதிக்கொண்டிருந்தது இதைத்தானா? எண்ணைப் பார்த்தால் இப்படி இருக்கும் என்று தெரியவே இல்லையே. தன் வாய் திறந்திருப்பதைச் சற்றுப் பொறுத்துத்தான் உணர்ந்தாள். தானும் கத்தினோமா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தச் சத்தத்தில் யாருடைய குரலையும் தனியாகப் பிரிக்க முடியவில்லை.

நூற்றுப் பதினொன்று.

“மேம்!” வாக்கி டாக்கியில் அனிருத்தின் குரல் உடைந்தது. “ஓனர் எழுந்து நிக்கறார். அவர் மைதானத்துல அவருக்கு எதிரா கத்தறாங்க. மிட்டாய்க் கம்பெனிக்காரர் மட்டும் கை தட்டறார்.”

“மூணு தடவை தாண்டிடுத்து, அனிருத்.”

“தாண்டிடுச்சு, ஒத்துக்கறேன். இப்ப போய் அவங்க வாயை மூடச் சொல்லுங்க. இன்னொரு சத்தம் வரக்கூடாது. அதைப் பண்ணிட்டீங்கன்னா திங்கக்கிழமை உங்க ஆர்டர் ரெடி. இல்லேன்னா இதுக்குக் காரணம்னு ஓனர்கிட்ட நான் ஒரு பேர் சொல்லியாகணும்.”

“யார் பேர்?”

“என் பேரைச் சொல்ல முடியாது இல்லையா, மேம்.”

மீதிப் படிகளை ஏறினாள். பாஞ்சாலி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தொண்டை கட்டிப்போயிருந்தது. முனியம்மாள் இன்னும் உட்காரவே இல்லை. கீழே சகாயம் மறுபடியும் இந்தப் பக்கம்தான் ஓடி வந்துகொண்டிருந்தான்.

“பாஞ்சாலி, தப்பு என்னுது. நான் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன். பாதி ஆட்டத்துல பக்கம் மாறுமாம், எனக்குத் தெரியலை. பாவம், நீங்க எல்லாரும் தெரியாம அவாளுக்காகக் கத்திட்டேள்.”

பாஞ்சாலி சிரித்தாள்.

“பக்கம் மாறும்னு எங்களுக்குத் தெரியும்க்கா. எங்க பிளாக்குல பொட்டப் புள்ளைங்களே பந்து ஆடுதுங்க. மொத ரெண்டு வாட்டி கத்துனது தொழிலு. இது நாங்களா கத்துனது. இத்தினி வருசமா எத்தினியோ பேருக்கு வாழ்க போட்டுக்கினு கீறோம், திரும்பி நின்னு எங்களக் கும்பிட்டவன் இந்தப் புள்ள ஒருத்தன்தான்.”

வேலி ஓரத்தில் சகாயம் நின்றான். கையைச் சேர்த்தான்.

“சொல்லிட்டீங்களா மேம்?” என்றது வாக்கி டாக்கி.

ஸ்ரீரஞ்சனி அதை வாயருகே கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்தினாள்.

“இல்லை, அனிருத்,” என்றாள், பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்காத குரலில். “நான் சொல்லமாட்டேன்.”