மைனா சொல்லும் ‘சைலன்ஸ்’

மரியாதைக்குரிய டைரக்டர் ரினோஷ் அவர்களுக்கு,

கைனகரியிலிருந்து ரிட்டயர்டு படகு மாஸ்டர் ஔதக்குட்டி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் மைனாவும் சௌக்கியம். அங்கே தாங்களும் தங்கள் கேமராவும் அவ்விதமே இருக்க வேண்டுகிறேன். பெண்சாதி செத்துத் தனியாகிப்போன ஆளைப் பற்றி என் வீட்டில் வைத்து எடுத்த தங்கள் படத்தை நேற்று ஆலப்புழை போய்ப் பார்த்தேன். கடைசியில் ‘நன்றி: ஔதக்குட்டி’ என்று போட்டதற்கு நன்றி. மற்றதெல்லாம் புகார்.

முதலில் உங்கள் கதாநாயகனின் தாடி. என் திரேசியம்மா போன இந்த இரண்டு வருஷத்தில் நான் சவரம் செய்யாத நாளில்லை. காலையில் எனக்கிருக்கும் வேலையே அதுதான். நான் கழுவி வைத்த தட்டில் உங்கள் ஆட்கள் பழைய மீன்குழம்பைப் பூசி ஈ வரக் காத்திருந்தார்கள். ஓடுகிற கடிகாரத்தை நிறுத்தினார்கள். நிஜ மழை வந்தபோது சத்தம் அதிகம் என்று சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, வெயிலடித்த பிறகு பம்பு வைத்து மழை பெய்வித்தீர்கள். “எதுக்கு மோனே இதெல்லாம்?” என்று கேட்டால், “அச்சாயா, பார்க்கிறவங்களுக்குத் தனிமை தெரியணுமே” என்கிறீர்கள். தனிமை வந்தவன் பேசமாட்டான் என்று உங்களுக்கு யார் சொன்னது? முப்பத்தாறு வருஷம் எங்கள் வீட்டில் பேசியவள் அவள். நான் ‘உம்’ கொட்டினவன். அவள் போனபின் வீடு ஓய்ந்து கிடப்பது பொறுக்காமல்தான் வாயைத் திறந்தேன், இன்னும் மூடவில்லை. மீன்காரி ராஜம்மா என் தலையைக் கண்டதும் வள்ளத்தை அடுத்த படித்துறைக்குத் தள்ளுகிறாள். “அச்சாயன்கிட்ட ரெண்டு மத்தி வித்து முடிக்கிறதுக்குள்ள மத்தியானம் ஆயிடுது” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். உங்கள் கதாநாயகனோ இரண்டரை மணி நேரத்தில் மூன்று வார்த்தை பேசுகிறான்.

இனி மைனா. சிறகொடிந்து முற்றத்தில் விழுந்ததைத் திரேசியம்மா எடுத்து வளர்த்தாள். நான் படகுக்குக் கிளம்பும்போதெல்லாம் அவள் கேட்டதை அது அவள் குரலிலேயே கேட்கும்: “மனுஷா, குடை எங்கே?” அவள் ஒருநாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மனுஷாதான். உங்கள் படத்து மனைவி புருஷனை ‘இச்சாயா’ என்று கொஞ்சுகிறாள், போகட்டும். பன்னிரண்டு நாள் படப்பிடிப்பைப் பார்த்திருந்த மைனா, எட்டு மாதமாக, நான் வாய் திறந்தாலே “சைலன்ஸ்!” என்று அதட்டுகிறது. அதுவும் உங்கள் குரலில். அவள் குரல் வரவேயில்லை. அவளுடையதென்று என் காதுக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான், மோனே. தாங்கள் நேரில் வந்து, கற்றுக்கொடுத்ததை மறக்கடித்துவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் பத்திரிகைக்கு எழுதுவேன்.

தங்கள் அடுத்த படத்திலாவது எல்லோரும் உயிரோடிருக்க மாதாவை வேண்டிக்கொள்ளும்,
ஔதக்குட்டி

பி.கு.: இதை எழுதும் மும்முரத்தில் இன்று காலையிலிருந்து நான் வாய் திறக்கவில்லை. தபாலில் சேர்க்கப் படியிறங்கும்போது பின்னாலிருந்து, “மனுஷா, குடை எங்கே?” அவள் குரலேதான். நான் பேசாமலிருந்தால்தான் அது கேட்கும் போலிருக்கிறது. ஆகவே தாங்கள் வர வேண்டாம். உங்கள் ஆள் படம் முழுக்க ஏன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்கும் புரிந்துவிட்டது. குடை என் கையில்தான் இருந்தது. அதை உள்ளே வைத்துவிட்டு மறுபடி படியிறங்கப் போகிறேன்.